நரம்பு வலிக் குளிசை போட்டால் கல்சியம் குளிசையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: "அப்பாவுக்கு சீனி வருத்தம். இரவில் பாதம் எரிகிறது என்று டொக்டர் பிரீகபலின் தந்திருக்கிறார். அது நரம்பிலுள்ள கல்சியம் கால்வாயில் வேலை செய்கிறதாம். அப்படியானால் அவருக்கு நரம்பில் கல்சியம் கூடிவிட்டதா? எலும்புக்காகப் போடும் கல்சியம் குளிசையை நிறுத்தவா?"

நிறுத்த வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே குழப்பம் எங்கள் வீட்டிலும் வந்தது.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா 31 வருடம் கொழுந்தெடுத்தவர். சீனி வருத்தம் வந்து சில வருடங்களில் இரண்டு பாதமும் எரியத் தொடங்கியது. வெளியே பனி கொட்டும். அம்மாவோ கம்பளியை விலக்கிவிட்டு, வெறும் சீமெந்துத் தரையில் பாதங்களை அழுத்தி வைத்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். "காலுக்குள்ள மொளகாய அரைச்சுப் பூசின மாதிரி இருக்குய்யா" என்பார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "கல்சியம் கொறஞ்சிருக்கும், ரெண்டு குளிசை கூடப் போடு" என்றார். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அந்த இரவுகளில்தான் இந்தப் பாடத்தை உண்மையாகப் படித்தேன் என்று சொல்லலாம்.

எலும்புக்குக் கல்சியம் கட்டடக் கல். நரம்புக் கலத்துக்கு அது செய்தி. கலத்துக்கு வெளியே உள்ள திரவத்தில் லீற்றருக்கு 1 மில்லிமோலுக்குச் சற்று மேல் கல்சியம் அயன் இருக்கிறது. உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பதற்காகக் கலம் ஓயாமல் சக்தி செலவழித்துக் கல்சியத்தை வெளியே இறைக்கிறது. எங்கள் ஊர்க்காரருக்கு மேல் கொத்மலை அணையைச் சொன்னால் உடனே விளங்கும். அணைக்குப் பின்னால் நீர் நிரம்பி நிற்கும். மழை கூடினால் வான்கதவு தானாகத் திறக்கும், கீழே சென்கிளயர் நீர்வீழ்ச்சி வெள்ளையாய்ப் பொங்கும். நரம்பின் நுனியிலுள்ள கல்சியம் கால்வாயும் அப்படித் தானாகத் திறக்கும் கதவு. நரம்பு வழியே ஓடிவரும் மின் துடிப்பு, அதாவது மின் கணத்தாக்கம், வந்து சேர்ந்தால்தான் திறக்கும்.

கதவைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரே நீளமான புரதச் சங்கிலி கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வை 24 தரம் ஊடுருவி, நான்கு பகுதிகளாக வட்டமாகக் கூடி நிற்கிறது. நடுவில் துவாரம். ஒவ்வொரு பகுதியிலும் மென்சவ்வை ஊடுருவும் ஆறு துண்டுகளில் நான்காவதில் ஆர்ஜினின், லைசின் என்ற நேரேற்றமுள்ள அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. கலத்தின் உட்புறம் மறையேற்றமாக இருக்கும்வரை அவை உள்நோக்கி இழுபட்டுக் கிடக்கும். கணத்தாக்கம் வந்து அந்த ஏற்றம் மாறியதும் துண்டு வெளிப்பக்கம் நகரும், கதவு விலகும்.

என்னை இன்னும் வியக்கவைப்பது துவாரத்தின் தெரிவு. வெளியே கல்சியத்தைவிட சோடியம் நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. பருமனில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் கல்சியமே போகிறது. துவாரத்தின் ஒடுங்கிய இடத்தில் நான்கு குளுட்டாமிக் அமிலங்கள் மறையேற்றத்தோடு காத்திருக்கின்றன. இரட்டை நேரேற்றமுள்ள கல்சியம் அங்கே இறுகப் பிடித்துக்கொள்ளும், சோடியத்தால் அதைத் தள்ளமுடியாது. பின்னால் வரும் இன்னொரு கல்சியந்தான் முதலாவதை உள்ளே தள்ளும்.

உள்ளே போன கல்சியம் சினப்ரோராக்மின் என்ற புரதத்தில் ஒட்டியதும், நரம்புச் செலுத்தி (அடுத்த கலத்துக்குச் செய்தி கொண்டுபோகும் இரசாயனம்) நிறைந்த புடகங்கள் என்ற சிறு பைகள் மென்சவ்வோடு இணைந்து திறக்கின்றன. ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். தவளையின் நரம்பு, தசை இணைப்பில் 1967 இல் அளந்து பார்த்தபோது, செலுத்தி வெளியேறும் அளவு கல்சியத்தின் நான்காம் அடுக்கோடு ஏறுவது தெரிந்தது. அதாவது கல்சியம் பாதியாகக் குறைந்தால் வெளியேற்றம் ஏறத்தாழ பதினாறில் ஒன்றுக்கு இறங்கும். கதவை முழுதாக அடைக்காமலே வலிச் செய்தியைத் தணிக்கலாம் என்று மருந்து நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான் என்பது என் எண்ணம்.

இந்தக் கால்வாய்க்கு மனிதரில் பத்து மரபணுக்கள் உண்டு, பத்தும் ஒன்றல்ல. அம்மாவின் கிளினிக் பையில் பிரஷருக்கு அம்லோடிபினும் இருந்தது. அதுவும் கல்சியம் கால்வாய் மருந்துதான். ஆனால் அது இரத்தக் குழாய்ச் சுவரின் தசையிலுள்ள 'எல்' (L) வகைக் கால்வாயை அடைக்கிறது. வலிச் செய்தியைக் கைமாற்றும் நரம்பு நுனியில் முக்கியமாக வேலை செய்வது 'என்' (N) வகைக் கால்வாய். அதனால் பிரஷர் குளிசையால் பாத எரிவு குறையாது.

பிரீகபலின் துவாரத்தைத் தொடுவதே இல்லை. கால்வாயோடு அல்பா2டெல்டா என்ற துணைப் புரதம் ஒன்று சேர்ந்திருக்கும். கால்வாய்களை நரம்பு நுனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. நரம்பு பாதிக்கப்பட்டால் இது அளவுக்கு மேல் பெருகும், நுனியில் கதவுகள் கூடும், வலி கூடும். மருந்து இந்தத் துணைப் புரதத்தைத்தான் பிடிக்கிறது. பிரீகபலினின் மூத்த சகோதரமான கபாபென்டின் எதில் ஒட்டுகிறது என்பதை 1996 இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்துக் கண்டார்கள். அதை உருவாக்கியபோது வேறொரு நரம்புச் செலுத்தியைப் போலச் செயற்படும் என்றே நினைத்திருந்தார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஆள மலைக்குக் கூட்டிட்டுப் போற கங்காணியத்தான் மருந்து புடிச்சு வச்சிருக்கு" என்றார். அதைவிடச் சரியாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஆகவே உங்கள் அப்பாவுக்கு நரம்பில் கல்சியம் தேங்கிக் கிடப்பதாக அர்த்தமில்லை. இரத்தத்தின் கல்சியத்தைப் பராதைரொயிட் ஓமோனும் விற்றமின் டியும் குறுகிய எல்லைக்குள் கட்டிக்காக்கின்றன. எலும்புக்கென்று டொக்டர் தந்த அளவு குளிசை போட்டதால் நரம்பு நுனிக் கதவுகள் கூடவோ குறையவோ போவதில்லை. எங்கள் பெரியம்மா சொன்னதுபோல எரிவுக்காகக் கூட்டிப் போடவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. முதல் வாரம் அம்மாவுக்குத் தலை சுற்றியது, லயத்துப் படிக்கட்டில் சுவரைப் பிடித்துத்தான் இறங்கினார். டொக்டர் அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றினார். பிரீகபலின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சீனி வருத்தம் உள்ளவருக்குச் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவு குறையவேண்டும், எனவே அடுத்த கிளினிக்குக்கு அப்பாவின் கிரியேற்றினின் அறிக்கையை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) கொண்டுபோங்கள். எரிவு தணிந்துவிட்டது என்று திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம், கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.