நான்கு மாதத்தில் திருமணம்: ஐசோட்ரெடினாயின் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 25. முகத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாகப் பருக்கள் வருகின்றன. களிம்பு, ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்கவில்லை. தோல் மருத்துவர் ஐசோட்ரெடினாயின் 20 மில்லிகிராம் காப்ஸ்யூலை ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அட்டையில் கர்ப்பிணிகள் இதை உட்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம். பின்னாளில் குழந்தை பெறுவதில் இந்த மருந்தால் சிக்கல் வருமா? நாள் தள்ளிப்போனதும் நிறுத்திவிட்டால் போதுமா? பரு இருக்கும் என் தங்கையும் இதையே போடலாமா?

பதில்: முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கு நிம்மதி தரும். ஐசோட்ரெடினாயின் கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. கடைசி காப்ஸ்யூல் போட்ட சுமார் இரண்டு வாரத்தில் உடலில் அதன் அளவு இயல்பு நிலைக்கு இறங்கிவிடும். அதற்கு மேலும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான் ஒரு மாத இடைவெளி கேட்கிறோம். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு உண்டாகும் கருவுக்கு இந்த மருந்தால் ஆபத்தில்லை.

இரண்டாவது கேள்விக்கு, போதாது என்பதுதான் பதில். நாள் தள்ளிப்போன பிறகு நிறுத்தினால் தாமதமாகிவிடும். நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐசோட்ரெடினாயின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. எந்த உறுப்பு எங்கே, எப்போது உருவாக வேண்டும் என்ற உத்தரவுகளில் சிலவற்றைக் கருவின் செல்கள் இந்தக் குடும்பத்து வேதிப்பொருள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து அதிக அளவில் அதே மாதிரிப் பொருள் வந்து சேர்ந்தால் உத்தரவு குழம்பிப்போகும். காது, முகம், இதயம், மூளை, தைமஸ் சுரப்பி ஆகியவைதான் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. காது மடலே இல்லாமல் பிறந்த குழந்தைகள் உண்டு. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்கள் தவறாக அமைந்த குழந்தைகளும் உண்டு. பொதுவாக நூறில் மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த மருந்துக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 20 முதல் 35 சதவீதம் வரை போகிறது. கருச்சிதைவும் அதிகம். குறைந்த டோஸ், சில நாள் மட்டும்தானே என்ற சமாதானமும் இங்கே செல்லாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இந்த மருந்துக்குக் கிடையாது.

இனி நாள் கணக்கைப் பாருங்கள். மாதவிடாய் சரியாக 28 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போனது தெரியும்போதே கருவுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருந்தால் மூன்று வாரம். 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்புறம் இன்னொன்று: கடுமையான பரு உள்ள பெண்களில் பலருக்கு சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் சேர்ந்தே இருக்கும், மாதவிடாய் ஒழுங்காக வராது. அவர்களுக்கு நாள் தள்ளிப்போனதே தெரியாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்று தொடங்கினால் ஆறு மாத மருந்து, அதன் பிறகு ஒரு மாத இடைவெளி. திருமணமோ நான்காவது மாதத்தில். அதாவது மணமான முதல் மூன்று மாதம் கருத்தரிக்கவே கூடாது. இதை வருங்காலக் கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தள்ளிப்போட அவருக்குச் சம்மதம், பருக்களும் தழும்பு விடும் அளவுக்கு இருக்கின்றன என்றால், தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். விழுந்த தழும்பை மாற்றுவது லேசான வேலை இல்லை. திருமணமானவுடன் குழந்தை வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தால், இப்போது வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லி வேறு சிகிச்சை கேளுங்கள். வீட்டார் வற்புறுத்தினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற அரைமனதோடு மட்டும் தொடங்க வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நெகட்டிவ் என்று வந்த பிறகு, அடுத்த மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் முதல் காப்ஸ்யூலைப் போடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பரிசோதனை, மருந்தை முடித்து ஒரு மாதம் கழித்துக் கடைசியாக ஒன்று. திருமணமாகாத பெண்ணிடம் இதையெல்லாம் கேட்கிறார்களே என்று சங்கடப்படாதீர்கள். மருந்தின் தன்மை அப்படி என்பதால் எல்லோரிடமும் கேட்கிறோம். உங்கள் நடத்தையைச் சந்தேகித்து யாரும் கேட்பதில்லை.

கருத்தடையில் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, ஒரே நேரத்தில் இரண்டு வேண்டும். கருத்தடை மாத்திரையோடு ஆணுறை, அல்லது காப்பர்-டியோடு ஆணுறை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஹார்மோன்கள் கலந்த மாத்திரை பருவையும் குறைக்கும் என்பதால், ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைதல் போன்ற தடைகள் இல்லாதவர்களுக்கு நான் அதையே விரும்புகிறேன். உங்கள் விஷயத்தில் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதைத் தொடங்கிவிட வேண்டும். ஏற்கெனவே உறவில் இருப்பவர்கள் ஐசோட்ரெடினாயினுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். புரோஜெஸ்டிரான் மட்டும் உள்ள மினி மாத்திரையை இந்த மருந்தோடு நம்ப வேண்டாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபைன், ஃபெனிடாயின் ஆகியவை கருத்தடை மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். இவற்றில் எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆணுறை கிழிந்தால் அவசர கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது அவசரத்துக்கு மட்டும்தான்.

தங்கைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பரிசோதனை, கருத்தடை, கல்லீரலுக்கும் கொழுப்புக்குமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல் காப்ஸ்யூல் மட்டும் கை மாறுவதுதான் இந்த மருந்தில் எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம். மீதமான காப்ஸ்யூல்களை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருந்து எடுக்கும் காலத்திலும், முடித்து ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். வைட்டமின் ஏ மாத்திரையையும் டாக்ஸிசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கையும் இதோடு சேர்க்காதீர்கள்.

மருந்து வாங்கியதும் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெடின் இதே குடும்பம்தான், ஆனால் அதை நிறுத்திய பிறகு மூன்று ஆண்டு கருத்தரிக்கக் கூடாது. மது சேர்ந்தால் அது உடல் கொழுப்பில் நீண்ட காலம் தங்கும் வேறொரு பொருளாக மாறிவிடும். ஒரு மாதம் என்ற கணக்கு ஐசோட்ரெடினாயினுக்கு மட்டுமே.

இதைப் படிக்கும் வேறு யாராவது வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் கருவைப் பாதிக்கும் மருந்துதான், ஆனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றைக்கே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், மாற்று மருந்தை அவர் படிப்படியாகக் கொண்டுவருவார்.

ஐசோட்ரெடினாயின் அப்படி இல்லை, உடனே நிறுத்தலாம். எல்லாம் செய்தும் கர்ப்பம் உறுதியானால், அந்த நிமிடமே காப்ஸ்யூலை நிறுத்திவிட்டு அன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கடைசி மாதவிடாய்த் தேதியையும் கடைசி காப்ஸ்யூல் போட்ட தேதியையும் எழுதி எடுத்துப் போங்கள். எல்லாக் குழந்தையும் பாதிக்கப்படும் என்றில்லை. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனும் கருவின் இதய எக்கோவும் பெரிய உறுப்புக் குறைகளைப் பெரும்பாலும் காட்டிவிடும். அறிவு வளர்ச்சி எப்படி இருக்கும் என்று எந்த ஸ்கேனும் சொல்லாது, அதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதை இதையெல்லாம் கேட்டறிந்து நீங்கள் முடிவு செய்யலாம்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தால், கடைசிப் பரிசோதனையும் நெகட்டிவ் என்று வந்த பிறகு கருத்தடையை நிறுத்தலாம். குழந்தைக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்பதால், காப்ஸ்யூல் முடிந்த மறுநாளே அதைத் தொடங்கிவிடுங்கள்.