டெக்னிக்கல் ரைட்டிங் படித்துவிட்டு சேல்ஸுக்குப் போகலாமா?

டெக்னிக்கல் கம்யூனிகேஷன் (தொழில்நுட்ப விஷயங்களை எளிதாகப் புரியும்படி எழுதும் படிப்பு) படித்துவிட்டு பம்ப் கம்பெனி சேல்ஸில் சேர்ந்தால் படிப்பு வீணாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது நண்பரே, நானும் அப்படி வந்தவன்தான். கம்பெனிகளுக்கு விற்கும்போது, நம்மிடம் பேசியவர் நம் கொட்டேஷனைத்தான் பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொரு மேஜைக்கும் எடுத்துப் போவார். அங்கே விளக்கிச் சொல்ல நாம் இருக்க மாட்டோம். நான் முதலில் '5 எச்பி' என்று மட்டும் எழுதியிருந்தேன், பதிலே இல்லை. அப்புறம் '3.7 கிலோவாட், முழு லோடில் 8 மணி நேரம் ஓடினால், மோட்டார் இழப்பும் சேர்த்து, சுமார் 34 யூனிட் கரண்ட்' என்று ஒரு வரி சேர்த்தேன். அக்கவுண்ட்ஸ்காரரே போன் செய்தார்!

டார்கெட் தொல்லை இருக்கும், அதற்கு எந்தப் படிப்பும் உதவாது. இன்டர்வியூவுக்கு அவர்கள் கேட்லாக்கில் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி எடுத்துப் போங்கள். டெண்டர், ப்ரீசேல்ஸ் (ஆர்டர் வருவதற்கு முன் டெக்னிக்கல் விளக்கங்களைத் தயாரிக்கும் வேலை) பிரிவு உண்டா என்றும் கேளுங்கள், எழுதத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கும்.