உச்சந்தலைக்கு மேலே ஒரு காமா வெடிப்பு: கேள்வி பதில்

2022 ஒக்டோபர் 9 அன்று செயற்கைக்கோள்கள் பிடித்த காமா கதிர் வெடிப்பை, அதாவது தொலைதூர விண்வெளியிலிருந்து வந்த வலுவான கதிர்ப் பாய்ச்சலைப் பற்றித் திருகோணமலை வாசகர்கள் கேட்டவை.

உப்புவெளி: அன்று பின்னேரம் கடற்கரையில் நின்றேன். வானம் பளிச்சென்று வெளுத்தது. அதுதானே?

இல்லை. காமா கதிர் கண்ணுக்குத் தெரியாது. காற்றுமண்டலமும் அதைத் தரைக்கு விடாது. அதனால்தான் செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்த்தது மின்னலாக இருக்கலாம். மணியைக் குறித்தீர்களா? எதைப் பார்த்தாலும் முதலில் மணியைக் குறியுங்கள்.

வெடிப்பு பதிவானது நம் நேரம் மாலை 6.47க்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த நேரம் வானத்தில் வெடிப்பு வந்த இடம் திருகோணமலையின் உச்சியிலிருந்து 15 பாகைதான் தள்ளி இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

கிண்ணியா, ஏ.எல். மாணவி: எந்தத் திசை என்று செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, மகள். காமா கதிரை வில்லையால் குவிக்க முடியாது. கிடுகுக் கூரையின் ஓட்டைகள் வழியே தரையில் விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் நகர, அவையும் நகரும். பொட்டு விழுந்த இடத்தை வைத்துச் சூரியன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் கூரை ஏறத்தாழ 52,000 ஈயத் துண்டுகள். அவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துத் திசையைக் கணக்கிடும்.

ஃபெர்மி என்ற இன்னொரு செயற்கைக்கோளின் வழி வேறு. பல திசை பார்க்கும் உணரிகளில் எதில் அதிகம் பதிகிறது என்று ஒப்பிடும். அன்று வந்த கதிர் வெள்ளத்தில் அவை எண்ண முடியாமல் திணறின. வெடித்தபோது அது ஸ்விஃப்டின் பார்வைக்குள் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய ஒளியைத்தான் பிடித்தது.

மூதூர்: நமக்குப் பாதிப்பு?

இல்லை. அந்த ஒளி 190 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது; அவ்வளவு தூரத்தில் நடந்த வெடிப்பு நம்மை ஒன்றும் செய்யாது.

நிலாவெளி: அந்த வெடிப்பின் வண்ணப் படம் என்று ஒன்று சுற்றுகிறதே?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், அது ஓவியம். பகிராதீர்கள். ஸ்விஃப்ட் எடுத்த எக்ஸ்-கதிர் வளையங்கள்தான் உண்மைப் படம். நம் பால்வெளித் தூசியில் பட்டுச் சிதறிய கதிர்கள் அவை.

சீனக்குடா: உடம்புக்கு ஏதும் செய்யுமா?

மூதூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

உப்புவெளி, மீண்டும்: அயனமண்டலத்தையே குலுக்கியது என்கிறார்களே! அப்போ கீழே வந்ததுதானே?

குலுக்கியது உண்மை. தாழ் அதிர்வெண் வானொலி அலைகளில் மாற்றம் பதிவானது. ஆனால் அயனமண்டலம், அதாவது காற்றுமண்டலத்தின் மேலே உள்ள மின்னேற்றம் கொண்ட அடுக்கு, தொடங்குவதே சுமார் 60 கிலோமீற்றர் உயரத்தில். கதிர் தரைக்கு வருமுன்பே காற்றில் முடிந்தது.

உப்புவெளி: மணி குறிக்கவில்லை. கடலில் வெளிச்சம் இருந்தது, வள்ளங்கள் தெரிந்தன.

சரி, இது போதும். ஒக்டோபரில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 6.47க்கு வானத்தில் பகல் வெளிச்சம் இராது. நீங்கள் பார்த்தது அதற்கு முன்பாக இருக்கலாம்.