ஏறாத நாட்கள் (கடிதமும் பதிலும்)

அன்பின் அக்கா,

திருகோணமலை பிரட்றிக் கோட்டை மான்களுக்குச் சனம் சொப்பிங் பையோடு சாப்பாடு போடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த நாளிலிருந்து இதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் ஆண்டு. போன ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா போனபோது கிரகரி வாவிக் கரையில் ஒரு மட்டக்குதிரையில் ஏற்றிவிட்டோம். பத்து நிமிடம் இருக்கும். அன்றிலிருந்து வீட்டில் குதிரைக் கதைதான். கொப்பியின் பின்பக்கம் எல்லாம் குதிரை. லண்டனில் இருக்கும் என் தம்பி, "ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையில் வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்தால் மாமா உனக்குச் சொந்தமாக் குதிரை வாங்கித் தருவன்" என்று போனில் சொல்லிவிட்டான். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே காசு அனுப்புவான். நிலாவெளிப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது, இடத்துக்குக் குறையில்லை. இவர்தான் சிரிக்கிறார். சைக்கிள் வாங்கிக் கொடுத்து மூன்று மாதம் ஓடவில்லை, இதுவும் அப்படித்தான் கொட்டிலில் நிற்கும் என்கிறார்.

என் கேள்வி ஒன்றுதான். சொந்தக் குதிரை உள்ள பிள்ளைகள் கிழமைக்கு எத்தனை நாள் ஏற ஆசைப்படுவார்கள்? கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்களா? நீங்கள் இங்கிலாந்தில் இருந்தபோது பார்த்திருப்பீர்கள். அவள் கீறிய மூன்று படங்களையும் அனுப்புகிறேன். என் பெயர் போட வேண்டாம்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்

*

அன்பின் தங்கச்சி,

முதலில் நீங்கள் கேட்டதற்கே பதில். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் ஏறக் கேட்பாள். மழை பெய்தாலும் கேட்பாள். மூன்றாம் நாலாம் மாதத்தில் அது கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வரும். சோதனை, மாரி, ஒருக்கா விழுந்த பயம், புதிதாய்க் கிடைத்த சிநேகிதி, இதில் ஏதாவது ஒன்று வந்தால் ஒரு நாளாகும். சில கிழமை அதுவும் இராது. நான் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான். குதிரை என்றால் உயிரை விடும் பிள்ளைகளும் இப்படித்தான். ஆகவே உங்கள் கணவர் சொல்வது கணக்கில் சரி. அந்தக் கணக்கை வைத்துப் பிள்ளைக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று அவர் முடிவுகட்டுவார் பாருங்கள், அதில்தான் எனக்கு அவரோடு ஒத்துவராது.

யோர்க்‌ஷயரில் என் அக்கா வீட்டில் நாலு வருடம் இருந்தேன். பெறாமகளுக்குப் பத்து வயதானபோது அக்கா ஒரு வெல்ஷ் மட்டக்குதிரை வாங்கிக் கொடுத்தாள். மண்ணிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று. வீட்டில் வைத்திருக்க இடமில்லை. ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் மாதாமாதம் காசு கட்டி விட்டிருந்தார்கள். அங்கே பலர் செய்வது அதுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்வருவது என் பொறுப்பு.

அந்தக் கோடை முழுக்க ஏறினாள். ஒக்டோபரில் குறைந்தது. மார்கழியில் அங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும், பள்ளிக்கூடம் விட்டுப் போனால் ஏறி ஓட வெளிச்சம் இருக்காது. ஆனாலும் போக வேண்டும் என்று நிற்பாள். போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருப்பாள். குளம்புக்குள் இறுகிய சேற்றைக் கொளுக்கியால் தோண்டி எடுப்பாள். வாலைச் சிக்கெடுக்க ஒரு மணித்தியாலம். பள்ளிக்கூடத்தில் நடந்தது எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள், எங்களிடம் சொல்லாததையும். அது அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடும். நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா ஏறின நாட்களைக் கலண்டரில் குறித்துக்கொண்டு வந்தாள். மாத முடிவில் கட்டின காசை அந்த நாட்களால் பிரித்து, "நீ ஒருக்கா ஏற எனக்கு இவ்வளவு முடியுது" என்று சாப்பாட்டு மேசையில் சொல்வாள். அக்காவை நான் குறை சொல்லமாட்டேன், இரவு வேலை செய்து கட்டின காசு அது. "சும்மா பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கவா காசு கட்டுறன்?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு பிள்ளை ஏறத் தொடங்கினாள், கலண்டருக்காக. ஒரு சுற்று வருவாள், இறங்கிவிடுவாள். ஒருநாள் சேணத்தைக் கையில் தூக்கியவள் திரும்ப வைத்துவிட்டு, "இண்டைக்கு அதுக்கு விருப்பமில்லை, சின்னம்மா" என்றாள். சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய் முதுகில் கை வைத்தேன். காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு விலகியது. சேணம் உரசின இடம் ஒன்று உள்ளங்கையளவு வீங்கியிருந்தது. அவள் கண்டிருந்தாள், நான் காணவில்லை.

மாசியில் குதிரையை விற்றார்கள். ட்ரெய்லருக்குள் ஏறமாட்டேன் என்று நின்றதை, அவள்தான் கயிற்றைப் பிடித்துப் பேசிப் பேசி ஏற்றிவிட்டாள். ஒக்டோபரிலிருந்து அன்றுவரை கலண்டரில் இருந்தது இருபத்துச் சொச்ச நாள். அவள் அதனிடம் போன நாட்களை யாரும் குறிக்கவில்லை. கூட்டிப் போனவள் நான், எனக்குத் தெரியும், நூறுக்குக் குறையாது. நானாவது அதைச் சொல்லியிருக்கலாம். அக்காவின் காசு, அக்காவின் பிள்ளை என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளை பிறகு எந்தக் குதிரையையும் தொடவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கவிழ்த்த வாளிதான்.

எத்தனை நாள் ஏறலாம் என்பதில் குதிரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. நம்மில் பலர் மட்டக்குதிரையைக் குதிரைக்குட்டி என்று நினைக்கிறோம். அது முழுதாய் வளர்ந்த குதிரை, இனம்தான் குட்டை. குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில் சொல்வார்கள், ஒரு கை 4 அங்குலம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரை அளந்து 14 கையும் 2 அங்குலமும், அதற்குள் நின்றால் மட்டக்குதிரை. ஷெட்லாந்து இனம் 42 அங்குலத்தோடு நின்றுவிடும். ஆயுள் 25, 30 வருடம். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 200 கிலோக் குதிரைக்கு 40 கிலோ. உங்கள் மகள் பன்னிரண்டு வயதில் அதைத் தொட்டுவிடுவாள். கிழமைக்கு எத்தனை நாள் என்று கேட்டீர்கள். எனக்கு மனதில் நிற்பது அதற்குப் பிறகு வரும் இருபது வருடம்.

வண்டியும் கலப்பையும் இழுத்த குதிரைகளுக்குத் 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்றை ஐரோப்பாவில் சொல்வார்கள். ஆறு நாள் கடும் வேலை, ஞாயிறு ஓய்வு. ஓய்வு நாளிலும் தானியத்தைக் குறைக்காமல் வேலைநாள் அளவுக்கே போடுவார்கள். திங்கள் காலை பூட்டிக் கொஞ்சத் தூரம் போனதும் பின்தொடைத் தசை இறுகி, வேர்த்து நடுங்கி, ஓர் அடி வைக்க முடியாமல் நின்றுவிடும். இப்போது பிள்ளைகளின் குதிரைகள் படும் பாடு தலைகீழானது. ஆறு நாள் கட்டிக் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். உடம்பு பழகியிராது, அடைபட்ட துள்ளலும் இருக்கும். யோர்க்‌ஷயரில் பிள்ளைகள் விழுந்து நான் கண்டதில் அநேகம் அப்படியான ஞாயிறுகளில்தான். சேணம் வைக்காத நாளிலும் அதை வெளியே விட வேண்டும், யாராவது கயிற்றில் பிடித்து நடக்க வேண்டும். அதன் இரைப்பை உடம்புக்குச் சின்னது. விட்டால் நாளில் பதினாறு மணித்தியாலம்கூட மேயும், மேயத்தான் வேண்டும். வாந்தி எடுக்க அதனால் முடியாது. கண்டதைத் தின்று வயிறு உப்பினால் உயிரே போய்விடும். மான்களின் வயிற்றுக்குள் பொலித்தீன் போகும் ஊரில் இருக்கிறோம், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். நம்மைப் போலவே குதிரையும் வேர்த்துத்தான் சூட்டை ஆற்றும். சின்னக் குதிரைக்கே ஒரு நாளைக்கு 20, 30 லீற்றர் நல்ல தண்ணீர் வேண்டும். ஆடியில் உங்கள் காணிக் கிணறு உவர்க்குமா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருக்கா குளம்பு சீவ வேண்டும். வண்டில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரையே தேடிப்பிடிக்க வேண்டிய காலம் இது, குதிரைக் குளம்பு தெரிந்தவருக்கு எங்கே போவீர்கள்?

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பாரசீக, அரபுக் கரைகளிலிருந்து வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தன. பெரும் பொன் கொடுத்து வாங்கினார்கள். அநேகம் அந்த வருடமே செத்துப்போயின. பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. இறைச்சி சேர்த்துச் சோறாக்கி ஊட்டினார்கள். எங்களுக்கு மிகச் சிறந்தது எதுவோ அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆசையில் குறை வைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்போது படங்கள். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் படத்தில் குதிரை ஒரு தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது. பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கையில் வாளி. இரண்டாவதில் தென்னைக்குக் கீழே படுத்திருக்கிறது, பிள்ளை அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு இருக்கிறாள். மூன்றாவதில் இரண்டு குதிரைகள், ஒன்றின் கழுத்தில் மற்றது கழுத்தை வைத்துக்கொண்டு. மூன்று படத்திலும் குதிரையின் முதுகில் ஆள் இல்லை. சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. குதிரை கூட்டத்தில் வாழும் உயிர், தனியே விட்டால் ஏங்கிப்போகும் என்று இவளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? சொல்லவில்லை என்றால், தானாகவே இரண்டைக் கீறியிருக்கிறாள்.

அதனால் என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காணிக்கு ஒற்றைக் குதிரையைக் கொண்டுவராதீர்கள். இரண்டும் வேண்டாம். பிள்ளை விட்டுவிடுவாள் என்பதற்காகச் சொல்லவில்லை. விடமாட்டாள், குதிரை படும் பாட்டை நாளாந்தம் கண்ணால் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பியிடம் குதிரையை வெட்டுப்புள்ளியில் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு புள்ளி குறைந்தால் சோதனையும் போய்க் குதிரையும் போய் அந்தப் பத்து வயது என்ன செய்யும்? வாக்குக் கொடுத்தவனே அவளுடன் நேரில் பேசி, தான் யோசிக்காமல் சொன்னதாக ஒப்புக்கொள்ளட்டும். அழுவாள். அழட்டும், ஏமாற்றிக்கொண்டு இருப்பதைவிட அது மேல்.

அந்தக் காசில் கொஞ்சத்தைச் செலவழித்து, சோதனைக்கு முன்னமே, அவளை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போங்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கினால் காலையில் குறிகட்டுவான் துறையில் படகேறலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை அங்கே கூட்டம் கூட்டமாய் மேயும். யாரும் ஏறுவதில்லை. தாய்க்குப் பின்னால் குட்டி ஓடும், இரண்டு சேர்ந்து நின்று ஒன்றின் பிடரியை மற்றது பல்லால் சொறிந்துவிடும். அவளுடைய மூன்றாவது படம் அங்கே உயிரோடு நிற்கும். அங்கிருந்து ஒன்றைப் பிடித்துத் தரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் போடாதீர்கள். கோடையில் தண்ணீருக்கு அலைந்து அவற்றில் பல செத்துப்போவதும் உண்மை. அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்கு அது விளங்கும்.

நுவரெலியாவுக்குத் திரும்பப் போனால், பத்து நிமிடச் சவாரிக்குக் கொடுக்கும் காசையே கொடுத்து, சேணத்தைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் இவள் தேய்த்துவிடலாமா என்று குதிரைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். குதிரைக்கும் அது ஆறுதல்.

வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி வளர்க்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். ஆடு குதிரையாகாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் காலையில் இவள் காலடி கேட்டவுடன் கத்துகிற ஒன்று அந்த வயதில் வேண்டியிருக்கிறது. சைக்கிள் அப்படிக் கத்தாது. கொட்டிலில் அது நிற்பதை வைத்து இவளை அளக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அவள் கீறிய அந்தக் குதிரைக்கு என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டாயம் வைத்திருப்பாள். இரண்டாவதுக்கும்.

அன்புடன்,
அக்கா