பெற்றோல் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது

கேள்வி: வெள்ளவத்தையில் ஆட்டோ ஓட்டுகிறேன். லீசிங் மாதம் 28,000 ரூபா, இன்னும் இரண்டு வருசம் கட்ட வேண்டும். கையில் 3 இலட்சம் சேமிப்பு. 2022 மாதிரி மறுபடி பெற்றோல் இல்லாமல் போனால் என்ன செய்வது? மனைவியின் நகையை அடகு வைத்து மின்சார ஆட்டோவுக்கு மாறலாமா? அல்லது கொஞ்சம் பெற்றோல் வாங்கி வீட்டில் வைக்கலாமா?

பதில்: பெற்றோலை வீட்டில் வைக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். ஒரு கான் எத்தனை நாள் ஓடும்? அதுவும் பிள்ளைகள் படுக்கிற வீட்டில்!

2022 ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதையே நிறுத்தினார்கள். அப்போது ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. பிறகு கியூஆர் வந்தது, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறியீடு கொடுத்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று எரிபொருளை அளந்து கொடுக்கும் முறை. ஆட்டோவுக்குத் தொடக்கத்தில் வாரம் 5 லீற்றர். கொழும்பில் ஹயர் (வாடகைச் சவாரி) ஓடுகிறவருக்கு அது ஒரு நாளுக்குக் காணும், மிஞ்சினால் ஒன்றரை நாள். மற்ற நாளெல்லாம் வண்டி வாசலில் நிற்க, தவணைத் திகதி மட்டும் தவறாமல் வந்தது. பலருக்கு அடி விழுந்தது அங்கேதான்.

ஆகவே நான்கு மாதத் தவணையை, அதாவது 112,000 ரூபாவை, முதலில் ஒதுக்குங்கள். இரண்டாகப் பிரித்து 3 மாத நிலையான வைப்பில் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். மிச்சம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும். வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள்.

மின்சார ஆட்டோவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வருசம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே! டொலர் இல்லாவிட்டால் மின்நிலையத்துக்கும் எண்ணெய் வராது. நகை, கெட்ட மாதத்தில் கைகொடுக்க வேண்டிய பொருள். இப்போதே அடகுக் கடைக்குப் போனால் அந்த மாதத்தில் எதை வைப்பீர்கள்? லீசிங் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

தொழிலிலும் ஒரு மாற்றம் வேண்டும். பெற்றோல் அளந்து கிடைக்கும்போது, ஒரு லீற்றருக்கு எத்தனை ரூபா வந்தது என்றுதான் கணக்குப் பார்க்க வேண்டும். தூரத்து ஹயருக்குப் போய் வெறுமனே திரும்பினால் பாதி வீண். ஸ்டேஷனிலிருந்து பக்கத்து ஒழுங்கைகளுக்கு மூன்று பேரைச் சேர்த்து ஏற்றினால், அவர்களுக்கும் மலிவு, உங்களுக்கும் லாபம். மாதக் காசுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் ஹயர் இரண்டு மூன்றை இப்போதே பிடித்து வையுங்கள். கந்தோர் ஹயரை மட்டும் நம்ப வேண்டாம். 2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை வீட்டுத்தோட்டம் செய்ய லீவு கொடுத்த நாடு இது!

தவணை பிந்தினால் எவ்வளவு அறவிடுவார்கள், முன்கூட்டிக் கட்டி முடித்தால் கழிவு உண்டா என்று லீசிங் கம்பனியில் இந்த வாரமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.