அம்பாசிடரின் பின்பக்கத்தை எவ்வளவு இறக்கலாம்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, தாத்தா வாங்கின 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 எங்க வீட்டுல நிக்குது. எஞ்சின், பெயிண்ட் எல்லாம் முடிச்சாச்சு. பின்பக்கம் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. மூணு இஞ்ச் இறக்கணும்னு ஆசை. ஒரு மெக்கானிக் ரெண்டு பிளேட்டைக் கழற்றிட்டா போதும்னு சொல்றாரு. இன்னொருத்தர் கேஸ் வெச்சு சூடுகாட்டி அமுக்கிடலாம்னு சொல்றாரு. எதைச் செய்ய?"

இரண்டையும் செய்ய வேண்டாம் தம்பி. மூன்று இஞ்சும் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: கம்பெனியிலிருந்து வந்தபோதே உங்கள் வண்டி இப்படித் தூக்கிக்கொண்டா நின்றது? அப்படி இருந்திருக்காது. பிற்பாடு யாரோ ஏற்றியிருக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளை, அதாவது பிளேட்டுகளை, அடுக்கிக் கட்டியது) சிக்கிக்கொண்டு இறங்காமல் நிற்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நம்ம பக்கத்து அம்பாசிடர்கள் வீட்டு வண்டியாக மட்டும் இருந்தது குறைவு. கல்யாண சவாரி, திருச்செந்தூர் நடை, டிக்கி நிறைய வாழைத்தார் என்று ஓடிய வண்டிகள். பின்னால் பாரம் ஏற ஏற வால் தரையைத் தொடும். ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோய் பக்கத்துக்கு ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டு வாங்கிவிடுவார்கள். பாரம் இருந்தவரை அது சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

அதனால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து ஸ்பிரிங்கை நிதானமாகப் பாருங்கள். கம்பெனி செட்டில் மேலிருந்து கீழே வர வர பிளேட்டின் நீளம் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வரும். நுனிகள் ஒரே மாதிரி வெட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒன்று மட்டும் தடிமனாக, நுனி வேறு மாதிரி வெட்டி, பக்கத்துப் பிளேட்டின் நீளத்துக்கு ஒட்டியே நின்றால் அது வெளியிலிருந்து வந்தது. அந்தப் பிளேட்டைத் தாராளமாகக் கழற்றலாம். கம்பெனி பிளேட்டைத்தான் தொடக்கூடாது என்கிறேன். வலது, இடது இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றா என்பதையும் பாருங்கள். இல்லாத வண்டிகளும் உண்டு.

அடுத்து துரு. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட்டுகளுக்கு நடுவே துரு பொருக்காக ஏறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். டிக்கியை அமுக்கிவிட்டுப் பாருங்கள். வண்டி ஆடாமல் கட்டை மாதிரி நின்றால் ஸ்பிரிங் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். செட்டை இறக்கி, பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவி மறுபடி கட்டவேண்டும். அப்போதே ஒவ்வொரு பிளேட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வெடிப்பு தேடுங்கள். எல்லா பிளேட்டையும் நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையைச் சுற்றித்தான் அதிகம் வெடிக்கும். துரு தின்று மெலிந்த பிளேட்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளேட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது; பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே கால் பங்குக்கு மேல் விறைப்பு போய்விடும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. ரப்பர் புஷ் மாற்றும்போது வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஸ்பிரிங் கண்ணின் (நுனியில் இருக்கும் வளையம்) போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு அது முறுக்கிக்கொண்டு பின்பக்கத்தை மேலே தள்ளும். புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கண் போல்ட், ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்நுனியைப் பாடியோடு இணைக்கும், ஆடக்கூடிய துண்டு) போல்ட் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, டிக்கியில் ஏறி நன்றாக ஆட்டிவிட்டு, அப்புறம் முறுக்குங்கள். சில வண்டிகளுக்கு இதுவே போதும்.

இந்த மூன்றையும் முடித்துவிட்டு அளவெடுங்கள். சமதளமான சிமெண்ட் தரை, நாலு டயரிலும் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு சக்கரத்துக்கும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறினால் கணக்கு மாறிவிடும். டிரைவர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பது பழைய வண்டியில் சகஜம்தான். வித்தியாசம் அரை இஞ்சுக்கு மேல் போனால் அந்தப் பக்க ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் எதையும் இறக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கினால் நன்றாயிருக்கும் என்று தோன்றினால், பிளாக் வைப்பதுதான் என் யோசனை. அம்பாசிடரில் ஹவுசிங் (பின் அச்சை மூடியிருக்கும் இரும்புக் கூடு) ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு பிளாக்கை வைத்தால் ஹவுசிங் மேலே போகும், பாடி அதே அளவு கீழே வரும். லாரியில் ஸ்பிரிங் ஹவுசிங்கின் மேலே இருக்கும்; அங்கே பிளாக் வைத்தால் வண்டி உயரும். லாரி வேலையே செய்து பழகியவரிடம் கொடுக்கும்போது இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஒரு இஞ்ச் பிளாக் தாராளம். ஒன்றரை இஞ்ச் எல்லை. அதற்கு மேல் போனால் தொல்லை: ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே உயரம் கூடக் கூட, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் பிரேக் போடும்போதும் ஹவுசிங் புரளப் பார்க்கும், ஸ்பிரிங் எஸ் எழுத்துபோல வளையும். சக்கரம் துள்ளும், எஞ்சின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் தண்டின் யூ ஜாயிண்ட் தேயும். பிளாக் கனமான இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். மரக்கட்டை கூடாது. இரண்டு பிளாக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. பிளாக்கின் மேல்பக்கம் ஒரு முளை, கீழ்ப்பக்கம் ஒரு குழி இருக்கவேண்டும். சென்டர் போல்ட்டின் தலை அந்தக் குழியிலும், முளை ஹவுசிங் மேடையின் ஓட்டையிலும் சரியாக உட்காரவேண்டும். பின் அச்சு முன்னேயும் பின்னேயும் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். லேத்தில் கடைந்து வாங்கும்போது இந்த இரண்டு அளவையும் வெர்னியரில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஹவுசிங்கையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைப் புதிதாக, பிளாக் தடிமனுக்கு ஏற்ற நீளத்தில் வாங்குங்கள். ஒருமுறை இழுத்துக் கட்டிய பழைய யூ போல்ட்டை மறுபடி போட வேண்டாம்.

வேலையின்போது ஸ்டாண்டை சேஸிஸ் பாகத்துக்கு அடியில் கொடுங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். இன்னொரு ஜாக்கியை ஹவுசிங்குக்குக் கொடுத்து, ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அச்சு உருண்டு பிரேக் ஹோஸை இழுத்துவிடும். யூ போல்ட்டின் நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கடைசி முறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது.

இனி அந்த மெக்கானிக்குகள் சொன்ன யோசனைகள். பாரத்தை எல்லா பிளேட்டும் சேர்ந்துதான் சுமக்கின்றன. இரண்டைக் கழற்றினால் மற்றவற்றின் மேல் சுமை ஏறும். காலி வண்டி அழகாக நிற்கும், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் அடியில் இடிக்கும். ஒருநாள் கண் இருக்கும் மெயின் பிளேட்டே முறியலாம். மெயின் பிளேட் முறிந்தால் பின் அச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேஸ் சூடு அதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகை 900 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி 400, 500 டிகிரியில் பதம் செய்துதான் அந்தத் துள்ளலைக் கொண்டுவருகிறார்கள். கேஸ் விளக்கு காட்டிய இடத்தில் மட்டும் பதம் போய்விடும். அந்த இடம் தொய்ந்துகொண்டே போகும், அல்லது திடீரென்று முறியும். வளைவைக் குறைத்தே ஆகவேண்டுமானால் சூடு காட்டாமல், பிளேட் பிளேட்டாகப் பிரித்து பச்சையாகவே அடித்துக் குறைக்கத் தெரிந்த பட்டறைக்காரரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கீழ் பிளேட்டும் மேல் பிளேட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கவேண்டும். அந்த இறுக்கம் போனால் பிளேட்டுகள் வாய் பிளந்துகொள்ளும். வளைவு குறைந்தால் கண்ணுக்குக் கண் நீளம் கூடி ஷேக்கிள் பின்னால் சாயும், அதையும் பார்க்கவேண்டும். நல்ல கைக்காரர் கிடைத்தால் இதுவும் நல்ல வழிதான். ஆனால் பிளாக்கைக் கழற்றுவதுபோல இதை ஒரே நாளில் பழையபடி ஆக்க முடியாது.

இறக்கிய பிறகு இடைவெளி பாருங்கள். ஹவுசிங்குக்கும், அது பாடியில் இடிக்காமல் தாங்கும் பம்ப் ரப்பருக்கும் நடுவே முன்பு மூன்று இஞ்ச் இருந்திருந்தால், ஒன்றரை இஞ்ச் பிளாக் அதில் பாதியைத் தின்றுவிடும். ஷாக் அப்சார்பர் முழுசாக அமுங்குவதற்கு முன்னால் ரப்பர் தாங்கவேண்டும். சைலன்சர் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றும் எதிலும் உரசக்கூடாது. ஹவுசிங்கின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் உருண்டையின் உயரம் டயரைப் பொறுத்தது, அது மாறாது. ஆனால் ஸ்பிரிங்கும் யூ போல்ட் அடித்தட்டும் பிளாக் அளவுக்குத் தரைக்கு நெருங்கும். டயர் பஞ்சராகி ரிம்மில் நின்றாலும் அவை தரையைத் தொடாத உயரத்தில் இருக்கவேண்டும்.

வேகத்தடை விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்ம ஊர்த் தெருக்களில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு போட்டு, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டை மெதுவாக ஏறி இறங்குங்கள். பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் மலைப்பாதையிலும் ஒரு தடவை போய் வாருங்கள். எங்காவது இடித்தால் பிளாக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, அங்கே ஆய்வாளர் கேட்கலாம். அதனால் பிளாக் வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் பிளேட்டை எடுத்து கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவருவதில் இந்தப் பேச்சே இல்லை. 2034இல் உங்கள் வண்டிக்கு 50 வயதாகும். விண்டேஜ் பதிவுக்கு அப்போது அசல் நிலை முக்கியம். தாத்தா வண்டிக்கு அந்த 'விஏ' நம்பர் பலகை கிடைக்கவேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

பின்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முன்னால் டார்ஷன் பாரில் (முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) உயரத்தைச் சரிசெய்துகொண்டு, சுவரில் வெளிச்சம் விழவிட்டு லைட்டை மறுபடி அமையுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500 ஆனதும் ஒருமுறை யூ போல்ட் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். இரண்டாவது தடவையும் நட்டு சுற்றினால், பிளாக்கின் முளை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். வண்டியை எடுக்காமல் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.