குழந்தைகளோடும் நண்பர் குடும்பத்தோடும் காட்டில் டென்ட் போட்டுத் தங்கலாமா? எந்த டென்ட் வாங்கலாம்? யாருக்காவது அனுபவம் உண்டா?

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர். இரண்டு சின்னப் பிள்ளைகள், கூட ஒரு நண்பர் குடும்பம், சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. இப்படித்தான் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம் விக்கிரமசிங்கபுரம். வி.கே.புரம் என்று சொன்னால்தான் கண்டக்டருக்கே புரியும். மாடியில் துணி காயப்போட்டால் எதிரே பாபநாசம் மலைதான் நிற்கும். டென்ட் என்ற சொல் எங்கள் பக்கம் வருவதற்கு முன்பே குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போய்த் தங்கியவர்கள் நாங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில். காரையாறு போகிற வழியில், காட்டுக்குள், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. மூங்கில் கம்பு, ஓலை, தார்ப்பாய், அரிசி மூடை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்க் குடில் போட்டுத் தங்குவோம். அம்மியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்த வீடுகள் உண்டு.

அது கோயில் திருவிழா, கேம்பிங் ஆகுமா என்று யாராவது கிளம்பி வருவீர்கள். தலைக்கு மேல் தார்ப்பாய், கீழே மண், பக்கத்தில் ஆறு, சுற்றிலும் காடு, பாத்ரூம் கிடையாது. இதற்கு வேறு என்ன பேர் வைப்பது? புலிகள் காப்பகத்துக்குள் இத்தனை சனம் போய்த் தங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சண்டை இல்லை. களக்காடு முண்டந்துறை 1988இல்தான் புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. கோயில் அதற்கு எவ்வளவோ முந்தியது. ஆனால் நாங்கள் போட்டுவிட்டு வந்த குப்பையை நானே பார்த்திருக்கிறேன், அதனால் ரொம்பவும் வாதாட மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2011 ஆடி அமாவாசை. நான், வீட்டுக்காரர், ஏழு வயது மகன், நாலு வயது மகள், அத்தை (மாமியார்), கொழுந்தன், அவர் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. எங்களோடு வீட்டுக்காரரின் காலேஜ் சிநேகிதர் சென்னையிலிருந்து மனைவி, இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். மொத்தம் பன்னிரண்டு பேர், ஒரு வேன். அந்த அண்ணன் கையில் நீளமாக ஒரு நீலப் பை வைத்திருந்தார். கிரிக்கெட் சாமான் என்று என் மகன் நினைத்துக்கொண்டான்.

இறங்கியதும் நாங்கள் நேரே 'எங்கள் இடத்துக்கு' நடந்தோம். நூற்றுக்கணக்கில் குடில் வரிசையாக நின்றாலும், அவரவர் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு. எங்களுடையது தண்ணீரை ஒட்டி, மணலும் புல்லும் சேர்கிற இடம். மூன்று கல் கருகிப்போய்க் கிடக்கும், அத்தையின் மாமியார் அடுப்பு மூட்டியவை என்பார்கள். அண்ணன் மட்டும் ஆற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேட்டில் ஒரு மருத மரத்துப் பக்கம் போய்க் கல்லைப் பொறுக்கிப் போட்டுச் சுத்தம் பண்ணினார். நீலப் பையை அவிழ்த்தார். குடை விரிகிற மாதிரி பத்து நிமிஷத்தில் ஒரு வீடு எழுந்துவிட்டது. அத்தை அருகில் போய் அந்த வலையைத் தொட்டுப் பார்த்து, "ஏன் தம்பி, வெறுங்கொசுவலைக்கா இம்புட்டு ரூவா குடுத்தீங்க?" என்று கேட்டார்கள்.

நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஆத்துக்குன்னு வந்துட்டு மேட்டுல போயி படுக்கானே" என்று இவர். ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் இறங்கி ஏறிக் கால் தேயப் போகிறது என்று நான். அண்ணனின் மனைவி, அந்த மதினி மட்டும் ஒன்றும் பேசாமல் வலையின் ஜிப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். சென்னையில் வீட்டு ஜன்னல் பூட்டுகிற பழக்கம் என்று அதற்கும் ஒரு சிரிப்பு. அரை மணி நேரத்தில் குரங்குகள் வந்து எங்கள் குடிலிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஒரு முறுக்கு டப்பாவையும் கொண்டுபோயின. டென்ட்டுக்குள் ஒன்றும் போகவில்லை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

பகல் நன்றாகவே போனது. பிள்ளைகளைப் பட்டவராயன் சந்நிதிக்குக் கூட்டிப் போனோம். அங்கே காணிக்கை தோல் செருப்புதான். மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டு உயிர்விட்டு, பட்டவராயன் என்ற சாமியான முத்துப்பட்டன் கதை, பொம்மக்கா, திம்மக்கா என்று அக்கா தங்கை இருவரையும் அவன் கட்டின கதை எல்லாம் அத்தை சொன்னார்கள். போன வருஷம் கட்டிய செருப்பை இந்த வருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், சாமி ராத்திரி காட்டில் நடக்கிறார் என்று சொன்னதும், அண்ணனின் சின்ன மகள் ஒவ்வொரு செருப்பாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதெல்லாம் ஒரே சைஸ் இல்லையே ஆச்சி" என்றாள். அத்தையிடம் பதில் இல்லை.

சிங்கம்பட்டி ஜமீன் ராஜாவையும் பார்த்தோம். ஆடி அமாவாசைக்கு ராஜ உடுப்பில் வந்து உட்கார்ந்து தரிசனம் கொடுப்பார். முருகதாஸ் தீர்த்தபதி. 2020இல் காலமாகிவிட்டார். அண்ணனின் பெரிய மகள் குதிரை எங்கே என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தாள்.

இரவு கூட்டாஞ்சோறு. முருங்கைக் கீரை போட்டு நான்தான் வைத்தேன், நன்றாக வந்திருந்தது. எங்கோ வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆடியில் அது இல்லாமலா? மேலே மலையில் நல்ல மழை என்பது எங்களுக்குத் தெரியாது.

ரெண்டு, ரெண்டரை மணி இருக்கும். இடுப்புப் பக்கம் ஈரமாக இருந்தது. மகள் பாயை நனைத்துவிட்டாள் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே தலைமாட்டில் துண்டைத் தேடினேன். துண்டு இருந்தது. ஆனால் கை வைத்ததும் நகர்ந்து போனது. மிதக்கிறது என்று மூளைக்கு எட்ட ஒரு நிமிஷம் ஆயிற்று.

அப்புறம் நடந்தது எல்லாம் சத்தமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கரை நெடுக ஆட்கள் கத்தினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தன் மனைவி முன்னே ஓட, நான் மகளைத் தூக்கினேன், இவர் மகனை. அத்தை வர மாட்டேன் என்கிறார்கள்! கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இந்த எடத்துக்குத் தண்ணி ஏறாதுல. நாப்பது வருசமா வாரேன், எனக்குத் தெரியாதா?" என்கிறார்கள். அடுப்புக் கல் அதற்குள் முங்கிவிட்டது. அந்த நேரம் மேட்டிலிருந்து ஒரு வெளிச்சம் குதித்துக் குதித்து இறங்கி வந்தது. அண்ணன்தான். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அதைப் பார்த்தும் சுரங்கத்துக்குப் போகிற ஆள் மாதிரி என்று கேலி பண்ணியிருந்தோம். இரண்டு கையும் சும்மா இருந்ததால் அத்தையை அப்படியே தூக்கிவிட்டார். அத்தை அவரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நாலு பேர் படுக்கிற டென்ட்டுக்குள் ஐந்து பிள்ளைகள், அத்தை, கொழுந்தன் மனைவி. மீதிப் பேர் வெளியே தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு விடிகிறவரை நின்றோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரிசி போயிற்று. அத்தையின் பித்தளைப் போணி போயிற்று. காலையில் இறங்கிப் பார்த்தால் எங்கள் இடம் தேய்த்துக் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. அந்த மூன்று கல்லைக் காணோம். அத்தை ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்கள்.

இதில் ஒரு வெட்கக்கேடு உண்டு. சொந்தக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, சென்னைக்காரர்களை வெள்ளத்திலிருந்து நாங்கள் காப்பாற்றியதாகத்தான் இத்தனை வருஷமும் சொல்லி வந்தோம். இங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

பச்சைக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனது தப்பில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்காரரே ஆறு மாதக் குழந்தையாக அங்கே தொட்டிலில் கிடந்தவர்தான். போனது தப்பில்லை. ஆற்றுக்கு அத்தனை பக்கத்தில் படுத்தது தப்பு. சாரல் காலத்தில் கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்யும். தண்ணீர் கலங்கி வந்தாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே ஏறிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சாரல் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. ஆனியும் ஆடியும் வந்தால் எங்கள் வீடு லாட்ஜ். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் சொன்னால் போதும், மறுநாள் போன் வந்துவிடும். "சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்னு." ஒன்பது பேர். அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு, குற்றாலம் எல்லாம் போய்விட்டு ஈரத் துண்டை என் சோபாவில் போடுவார்கள். காலையில் இட்லி, இரவில் தோசை. போகும்போது என் பிள்ளைகள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். நாங்கள் அவர்கள் ஊருக்குப் போனால் மட்டும் "முதல்லயே சொல்லிட்டு வந்திருக்கலாம்ல" என்பார்கள். சரி, விடுங்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குக்கூடச் சில நாள்தான் தங்க விடுகிறார்கள், அது வருஷத்துக்கு வருஷம் மாறும். கிளம்புமுன் விசாரியுங்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கட்டும். மற்ற நாளில் அந்தக் காட்டுக்குள் இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, குறுக்கு வழி சொல்கிற ஆட்களை நம்பிப் போகாதீர்கள். யானையும் மிளா மானும் நடக்கிற இடம் அது. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அம்பாசமுத்திரத்தில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

டென்ட் எது வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கம்பெனி பெயர் எனக்குத் தெரியாது. அந்த அண்ணன் ஊருக்குப் போகும்போது டென்ட்டை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கம்பி ஒடிந்துவிட்டது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மாடியில் விரித்து வைத்து, காக்கா கொத்தாமல் அதற்குள்தான் அத்தை வடகம் காயப்போடுகிறார்கள். ஜிப்பைப் பூட்ட மறந்தால் எனக்குத் திட்டு விழும்.